லோடு கொடுத்து அளக்காத வோல்ட்டை நம்ப வேண்டாம்

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் க்வார்ட்சைட் என்ற சிற்றூரைச் சுற்றி ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஆயிரக்கணக்கான ஆர்.வி.கள் வந்து நிற்கின்றன. படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ளேயே அமைந்த இந்தச் சுற்றுலா வண்டிகளில் பலவற்றுக்கு அங்கே வெளி மின்இணைப்பு கிடையாது. பேட்டரி, சோலார், ஜெனரேட்டர் ஆகியவைதான் துணை. இரவில் குளிர் இறங்கியதும் பழுதுபார்ப்பவருக்கு வரும் வழக்கமான புகார் ஒன்று உண்டு: கேஸ் ஹீட்டரின் விசிறி ஓடுகிறது, பர்னர் பற்றவில்லை.

கன்ட்ரோல் போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதியதை மாட்டுவது சுலபம். பல நேரங்களில் புதிய போர்டும் பற்றவைக்காது.

அந்த ஹீட்டருக்குள் காற்றின் வேகத்தை உணரும் சிறிய தகடு சுவிட்ச் ஒன்று இருக்கிறது. விசிறி போதிய வேகத்தில் சுற்றினால்தான் அந்தத் தகடு தள்ளப்பட்டு சுவிட்ச் மூடும். அது மூடினால்தான் கேஸ் வால்வு திறக்க அனுமதி கிடைக்கும். 12 வோல்ட் மோட்டாருக்குப் பத்தரை வோல்ட்தான் போய்ச் சேருகிறது என்றால் விசிறி சுற்றும், சுவிட்ச் மூடாது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு பேட்டரி முனையில் மீட்டரை வைத்தவருக்கு 12.6 தெரிந்திருக்கும். அவர் கண்டது பொய்யல்ல. ஆனால் அது ஓய்வில் இருக்கும் பேட்டரியின் அளவு. வேலை செய்யும் மோட்டாரின் அளவு வேறு.

டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். 12 வோல்ட்டில் அது இழுக்கும் மின்னோட்டம் ஒரு மைக்ரோ ஆம்பியரைச் சற்றே தாண்டும். வயரில் ஒரே ஒரு செம்பு இழை மிஞ்சியிருந்தாலும் அவ்வளவு மின்னோட்டம் தாராளமாகப் போகும். மீட்டரும் முழு வோல்ட்டைக் காட்டும். நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் ஹோல்டரில் குண்டு பல்பு மாட்டி வைத்திருந்த டெஸ்ட் லேம்ப் இந்த ஏமாற்றத்தைத் தவிர்த்தது. பல்பு எரிய உண்மையான மின்னோட்டம் தேவை, லைன் பலவீனமாக இருந்தால் வெளிச்சமும் மங்கிவிடும்.

துருப்பிடித்த ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு அங்கேயே 0.8 வோல்ட் தொலைந்துபோகும்; 12 வோல்ட்டில் அது பெரிய இழப்பு. அதே 0.1 ஓம், மின்இணைப்புள்ள முகாமில் வண்டியை மின்கம்பத்தோடு இணைக்கும் 30 ஆம்பியர் பிளக்கில் இருந்தால் 120 வோல்ட்டில் இழப்பு 3 வோல்ட்தான். ஆனால் முழு லோடில் அந்த ஒரு முனையில் 90 வாட் வெப்பம் உருவாகும். பிளக்குகள் கருகி உருகுவது இப்படித்தான்.

12 வோல்ட் பக்கத்தில் பாசிட்டிவ் வயரை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துபவர்கள் அதிகம். ஆர்.வி.யில் நெகட்டிவ் பாதை பெரும்பாலும் இரும்புச் சட்டம் வழியாகவே திரும்புகிறது. பெயின்ட்டின் மேல் முடுக்கிய ஸ்க்ரூவும் துருவேறிய லக்கும் அங்கேதான் ஒளிந்திருக்கும். மோட்டாரை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை மோட்டாரின் நெகட்டிவிலும் வைத்தால் போதும். நல்ல இணைப்பில் அளவு பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். அரை வோல்ட் வந்தால் போர்டைத் தொட வேண்டியதில்லை. ஸ்க்ரூவைக் கழற்றி, இரும்பு தெரியச் சுரண்டி, மீண்டும் முடுக்கினால் பல நேரம் வேலை முடிந்துவிடும்.

முகாமின் மின்கம்பத்திலிருந்து வரும் 50 ஆம்பியர் இணைப்பில் ஆபத்து இன்னும் பெரிது. அங்கே 120 வோல்ட் லைன்கள் இரண்டு. அவற்றுக்கு இடையே 240 வோல்ட். இரண்டுக்கும் நியூட்ரல் ஒன்றே. நியூட்ரல் தளர்ந்திருந்தாலும் லோடு இல்லாதபோது இரண்டு லைனும் 120 என்றே காட்டலாம். ஒரு லைனில் ஏ.சி.யைப் போட்டதும் அது 100க்கு இறங்கி, மற்றது 140க்கு ஏறும். கூட்டுத்தொகை மட்டும் 240லேயே நிற்கும். நியூட்ரல் முழுதாக அறுந்தால், லோடு குறைந்த லைனில் இருக்கும் டி.வி.யும் மைக்ரோவேவும் கண்ணெதிரே எரியும். ஒன்று இறங்க மற்றது ஏறுவதைக் கண்ட உடனே மின்கம்பத்தின் பிரேக்கரை அணைக்க வேண்டும்.

ஆனால் லோடு சோதனைக்கு முன்பே முடித்தாக வேண்டிய சோதனைகள் இரண்டு. முதலாவது, பிளக்கைச் செருகுமுன் சாக்கெட்டை அளப்பது. ஆர்.வி.க்கான 30 ஆம்பியர் சாக்கெட்டில் இருக்க வேண்டியது 120 வோல்ட். துணி உலர்த்தும் இயந்திரத்துக்கான சாக்கெட் என்று நினைத்து வீட்டு எலக்ட்ரீஷியன்கள் அதில் 240 கொடுத்துவிடுவது அமெரிக்காவில் நன்கறியப்பட்ட தவறு. இரண்டாவது எர்த். மூன்று விளக்கு டெஸ்டர் சாக்கெட்டின் மூன்று துளைகளையும் ஒன்றோடொன்று மட்டுமே ஒப்பிடும். லைனும் நியூட்ரலும் இடம் மாறி, எர்த் துளை நியூட்ரலோடு பாலம் போடப்பட்டிருந்தால் அது எல்லாம் சரி என்றே காட்டும். வண்டியின் உடலிலோ முழு 120 வோல்ட் நிற்கும். ஆர்.வி. மின்பாதுகாப்பு பற்றித் தொடர்ந்து எழுதிவரும் மைக் சோகோல் இந்த ஆபத்தைப் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறார். தொடாமல் உணரும் டெஸ்டரை எர்த் முனைக்கும் வண்டியின் உலோகத்துக்கும் அருகே கொண்டுபோனால் சில நொடிகளில் தெரிந்துவிடும். பச்சைப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவுக் கைப்பிடியைத் தொடும் குழந்தைக்காக அந்த நொடிகளைச் செலவிட்டே ஆக வேண்டும்.

இத்துறையில் இருப்போரிடம் இந்த இதழ் வேண்டுவது இதுதான்: மின்புகார் எதுவானாலும், பாகம் மாற்றுவதற்கு முன் வேலைச்சீட்டில் மூன்று எண்களை எழுதுங்கள். லோடு இல்லாத வோல்ட், லோடோடு கருவியின் முனையில் கிடைக்கும் வோல்ட், நெகட்டிவ் அல்லது நியூட்ரல் பாதையில் ஏற்படும் இழப்பு. பட்டறை உரிமையாளர்கள் இதற்கான நேரத்தைப் பழுது கண்டறியும் கட்டணமாகத் தனியே குறிக்கட்டும். உத்தரவாதப் பணிகளில் தயாரிப்பாளர்களும் அதை ஏற்கட்டும். அந்த எண்கள் சீட்டில் இருந்தால், அடுத்த ஊரில் அதே வண்டியைத் திறக்கும் டெக்னீஷியன் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.