தண்டுவடக் காயம்: 'வலியே இல்லையே, எதுக்கு செக்கப்?' முன்னாள் ராணுவ வீரர்களுக்கு எழும் 3 கேள்விகள்

ராணுவப் பணியில் முதுகுத்தண்டில் அடிபட்டு ஊர் திரும்பியவருக்கு, சிகிச்சை அத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை அவசியம். 'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்று தள்ளிப்போடுவதும் சகஜம்தான். அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கு, ஆபத்தும் இருக்கு.

1. வலியே இல்லையே, எதுக்கு செக்கப்?

வலி தெரியாததுதான் பிரச்னையே. காயத்துக்குக் கீழே உணர்வு இல்லாததால், உட்காரும் இடத்தில் புண் வந்தாலும் தெரியாது. சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாவிட்டால் உள்ளே அழுத்தம் கூடி, சத்தமில்லாமல் சிறுநீரகம் கெட்டுப்போகும்.

முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும்தான் இறந்தார்கள். 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் இவர்களுக்கென்றே ஒரு பிரிவு தொடங்கினார். இரண்டையும் ஒழுங்காகக் கவனித்த பிறகே நிலைமை மாறியது.

ஆண்டுப் பரிசோதனையில் பார்க்க வேண்டியவை:

* சிறுநீரகம், சிறுநீர்ப்பை ஸ்கேன், ரத்தத்தில் கிரியாட்டினின்
* தோல், ரத்த அழுத்தம், எலும்பு வலு
* சக்கர நாற்காலி தள்ளித் தேய்ந்த தோள்பட்டை
* மலம் கழிப்பது, தூக்கம், மனநிலை
* நாற்காலியும் அதன் மெத்தையும்

2. அவ்வளவு தூரம் யார் கூட்டிட்டுப் போறது?

நியாயமான கேள்வி. புனே கிர்க்கியில் தண்டுவடம் பாதித்த வீரர்களுக்கான மறுவாழ்வு மையம் 1974 முதல் இயங்குகிறது. அங்கே தங்கியிருப்பவருக்குக் கவனிப்பு பக்கத்திலேயே இருக்கு. ஆனால், எளாவூரில் இருப்பவர் பெரிய மருத்துவமனைக்கு சுமார் 50 கி.மீ. தாண்டி சென்னைக்கு வரணும். வாடகை கார், தூக்கி உட்கார வைக்க ஆள் என செலவு ஏறும். பழவேற்காடு ஏரியோரக் குடும்பத்தில் கூட வருபவருக்கு அன்றைய மீன்பிடி வருமானமும் போச்சு. ஸ்கேன் ஒரு நாள், ரிசல்ட் இன்னொரு நாள் என்றால் அடுத்த வருஷம் யார் போவாங்க?

அமெரிக்காவில் முன்னாள் வீரர்கள் நலத்துறை, தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் முழுப் பரிசோதனை செய்ய முன்வருகிறது. வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். நம்ம ஊரிலேயே வேலூர் சி.எம்.சி. ஆண்டுதோறும் 'ரிஹேப் மேளா' நடத்துகிறது. பழைய நோயாளிகள் வந்து பரிசோதனையும் செய்துகொள்வார்கள், விளையாட்டுப் போட்டியிலும் கலந்துகொள்வார்கள். தன்னைப்போல இன்னொருவரைப் பார்க்கலாம் என்றால், அந்தப் பயணத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கு.

3. போனா பென்ஷன் குறையுமா?

குறையாது. இயலாமை ஓய்வூதியத்தை முடிவு செய்வது ராணுவ மருத்துவக் குழு. சிகிச்சைக்கான செக்கப் வேறு, அது வேறு. நிரந்தர இயலாமை என்று ஒருமுறை முடிவானால், வீரரே கேட்காதவரை மறு ஆய்வு கிடையாது என்று 2001-ல் பாதுகாப்பு அமைச்சகம் உத்தரவிட்டது.

சரி, இப்போ என்ன செய்யலாம்?

முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் 2003 முதல் உள்ளது. கிளம்பும் முன் பாலிகிளினிக்கில் பேசி, எல்லா டெஸ்ட்டையும் ஒரே நாளில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். ரத்த அழுத்தம், ரத்தம், சிறுநீர் பரிசோதனைகளை அருகில் உள்ள அரசு மருத்துவமனையிலேயே முடித்து, ரிப்போர்ட்டைக் கொண்டுபோகலாம். மாநில அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே பிசியோதெரபி கிடைக்கும்.

தினமும் கண்ணாடி வைத்துப் பின்பக்கத் தோலைப் பாருங்கள். கழுத்திலோ மேல்முதுகிலோ காயம் உள்ளவருக்குத் திடீர்த் தலைவலி, வியர்வை, எகிறும் ரத்த அழுத்தம் மூன்றும் சேர்ந்து வந்தால் அது அவசர நிலை. உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இதுக்கு ஆண்டு செக்கப் வரை காத்திருக்கக் கூடாது.

ஆண்டுக்கு ஒரு செக்கப் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஒரே நாளில், ஒரே இடத்தில் முடியும்படி அதை அமைத்துக் கொடுக்க வேண்டியது அரசின் வேலை. அந்த வசதி வந்தால் தயக்கத்தில் பாதி தானாகக் குறையும்.