ஆச்சியின் பங்குப் பாலை விற்கலாமா?

இடம்பெயர்ந்து அலைந்து, மீண்டும் ஒரு பசுவைத் தேடிக்கொண்ட குடும்பங்கள் பலவற்றில், காலையில் கறந்த பால் அப்படியே பால் சேகரிப்பு நிலையத்திற்குப் போய்விடுகிறது. கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் காத்திருக்கும்போது காசு தேவைதான். பாலை விற்பதில் நாம் குறை காணவில்லை. ஆனால் ஒரு பேணி பாலாவது மிச்சம் வையாமல் விற்றுவிட்டு, அதே வீட்டிலுள்ள ஆச்சிக்கும் அப்புவுக்கும் வெறும் தேநீரும் சீனியும் கொடுப்பது நியாயமா என்று கேட்க விரும்புகிறோம்.

'பிரஷர் உள்ளவர்களுக்குப் பாலும் தயிரும் ஆகாது' என்று சொல்லி இதற்கு நியாயம் கற்பிப்போரும் உண்டு. இது சரியல்ல. 1997 இல் அமெரிக்காவில் 'டாஷ்' என்னும் ஆய்வின் முடிவுகள் வெளியாகின. 459 பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டு எட்டு வாரம் வெவ்வேறு உணவு உண்டார்கள். வழமையான உணவு உண்டவர்களோடு ஒப்பிடுகையில், காய்கறியும் பழமும் கூட்டி உண்டவர்களுக்கு இரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 2.8 குறைந்தது. காய்கறி, பழத்தோடு கொழுப்புக் குறைந்த பாலுணவும் சேர்த்து, மொத்தக் கொழுப்பையும் குறைத்து உண்டவர்களுக்கு 5.5 குறைந்தது. அவர்களுள் ஏற்கனவே பிரஷர் இருந்தவர்களுக்குக் குறைந்தது 11.4.

இந்தப் பலன் பாலினால் மட்டும் வந்ததல்ல. முழுச் சாப்பாடும் மாறியதால் வந்தது. ஆனபடியால் மோர் குடிக்கிறோம் என்று கிளினிக்கில் தந்த குளிசையை ஒருவரும் நிறுத்தக்கூடாது. எனினும் பிரஷருக்குப் பால் பகையல்ல என்பது இதிலிருந்து தெளிவாகிறது. அந்த ஆய்வு சொன்ன கொழுப்புக் குறைந்த பாலுணவுக்காக நாம் கடைக்குப் போகத் தேவையில்லை. தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் மோர் அதுவேதான். பால் குடித்தால் வயிறு ஊதும் முதியவர்கள் பலருக்கும் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும்.

உண்மையான பகை உப்புத்தான். நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே உப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கறியில் போடும் உப்போடு கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், ரின்மீன், பாண் ஆகியவற்றில் உள்ளதும் இந்தக் கணக்கில் அடங்கும். மோரில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுக் குடித்தால் மோரின் நன்மை அங்கேயே போய்விடும். சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் தேசிக்காய்ப்புளி சேர்த்தால் உப்பில்லாமலே வாய்க்கு ருசிக்கும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் பால், தயிர், பழங்களின் அளவை வைத்தியரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

இந்த உணவு எம் முதியவர்களுக்குப் புதியதல்ல. பழஞ்சோறும் மோரும் உண்டு வயலுக்குப் போனவர்கள் அவர்கள். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 இல் வலிகாமம் முழுவதிலுமிருந்தும், 2009 வரை வன்னியிலும் எம் மக்கள் ஓடியபோது மாடுகளை அவிழ்த்துவிட்டே ஓடினார்கள். முகாம்களில் மோர் இருக்கவில்லை. நிவாரண அரிசியும் மாவும் பருப்பும் இருந்தன. மெனிக் பாம் முகாம் 2012 இல் மூடப்பட்டது. ஆனால் ரின்மீனும் பால்மாத் தேநீருமாகப் பழகிய வாய் பழகியதுதான். 2022 இல் பால்மாவும் கிடையாமல் நாடே வரிசையில் நின்றபோது, வீட்டில் ஒரு பசு நிற்பதன் பெறுமதி என்னவென்று எல்லோருக்கும் விளங்கியது.

ஆகவே இதை வீட்டுக் காரியமாக மட்டும் நாம் பார்க்கவில்லை. மீள்குடியேற்றம் என்றால் வீடும் கிணறும் மலசலகூடமும் என்றே எண்ணப்படுகிறது. மாடு மேய நிலமில்லாவிட்டால் பால் எங்கிருந்து வரும்? மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் 2023 இல் மேய்ச்சல் தரைக்காகப் போராட்டம் தொடங்கியது வருமானத்திற்காக மட்டுமல்ல, தங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்காகவுந்தான் என்றே நாம் கருதுகிறோம்.

கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் மேய்ச்சல் தரையைத் தம் கோரிக்கைகளில் முன்னுக்கு வைக்க வேண்டும். அந்த நிலம் கிடைக்கும்வரை வீட்டில் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. விற்பனைக்குப் பால் அளக்கும் முன்பே முதியவர்களுக்கு ஒரு பேணியை எடுத்து, காய்ச்சி, உறைபோட்டு வையுங்கள். எம்மை வளர்த்தவர்களின் பங்கு அது. மிஞ்சியதை விற்போம்.