பிள்ளையைக் காண ஜெர்மனிக்குச் செல்லும் பெற்றோருக்கு

மகனோ மகளோ ஜெர்மனியில் படிப்பதாகவோ பணிபுரிவதாகவோ கூறும் பெற்றோர் நம் பங்குகளில் இன்று பலர். மயிலை லஸ் கோயிலிலும், தியாகராய நகரிலும், பெசன்ட் நகர் அன்னையின் திருத்தலத்திலும் ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வருகையில், "எப்போது புறப்பாடு?" என்று ஒருவரை ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. பயணச்சீட்டு, விசா, குளிருக்கு உடை என்பனவற்றைப் பற்றி ஆலோசனை கூறுவோர்க்குப் பஞ்சமில்லை. ஆனால், அங்கே சென்றபின் பிள்ளை தன் அலுவலகத்தில் விடுப்புப் பெற்றுப் பெற்றோருடன் இருக்கப்போகும் அந்த ஒன்பது பத்து நாள்களை எவ்வாறு செலவிடுவது என்று அமர்ந்து எண்ணுவோர் சிலரே. பல குடும்பங்களுக்கு இது வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் பயணம். ஆதலின் இம்மாதம் அதனைப் பற்றியே எழுத விழைகிறேன்.

அண்மையில் மயிலையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் தம் மகன் வகுத்தனுப்பிய திட்டத்தை என்னிடம் காட்டினர். ஃபிராங்க்ஃபர்ட்டில் தொடங்கி ஹைடல்பெர்க், சூரிச், லூசர்ன், இன்ஸ்புருக், சால்ஸ்பர்க், வியன்னா, பிராக், பெர்லின் எனச் சுற்றி மீண்டும் ஃபிராங்க்ஃபர்ட்! அனைத்தும் காரில், ஒன்பது நாள்களில். கணக்கிட்டுப் பார்த்தால் 2,000 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. சென்னையிலிருந்து டில்லி வரை காரோட்டிச் செல்வதைப் போன்றது. ஓட்டுபவன் மகன் ஒருவனே. பின் இருக்கையில் முழங்கால் வலியுள்ள தாயும், சர்க்கரை நோய்க்கு மருந்து உண்ணும் தந்தையும். பெற்றோர்க்கு எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற மகனின் அன்பைக் குறை கூறவே முடியாது. எனினும் அத்திட்டத்தின்படி அவன் அவர்களுக்குக் காட்டப்போவது பெரும்பாலும் நெடுஞ்சாலையும் தன் பிடரியுமே.

நம்மூரிலும் இவ்வழக்கம் உண்டு. வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு வெள்ளி இரவு புறப்பட்டு, பூண்டி, தஞ்சை, வேளாங்கண்ணி, நாகூர், தரங்கம்பாடி எனச் சுற்றித் திங்கள் விடியலில் வீடு திரும்புவோம். எங்கே எதைக் கண்டோம் என்று பிறகு கேட்டால், தேநீர்க் கடைகளே நினைவிற்கு வரும்!

ஆகவே நான் கூறும் வழி வேறு. தங்கும் இடம் இரண்டே போதும். முதல் வீட்டில் ஐந்து இரவுகள், இரண்டாம் வீட்டில் நான்கு இரவுகள். பெட்டியை இருமுறை மட்டுமே அவிழ்த்துக் கட்டவேண்டும். ஒவ்வொரு நாளும் காலையுணவிற்குப் பின் ஓர் இடத்திற்குச் சென்று, மாலையில் அதே வீட்டிற்குத் திரும்பவேண்டும். விடுதி அறையை விடச் சமையலறையுடன் கூடிய விடுமுறை வீடே நமக்கு ஏற்றது. அங்கே அத்தகைய வீடுகள் சிற்றூர்களிலும் பண்ணைகளிலும் கிடைக்கின்றன. மாலையில் ஒரு ரசமும் சோறும் செய்துகொள்ள முடிந்தால் முதியோரின் பயணக் களைப்பில் பாதி தீரும். ஆனால் நெய்யும் பால்கோவாவும் இங்கிருந்து கொண்டு செல்லலாகாது. ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து பால் பொருள்களையும் இறைச்சியையும் பயணிகள் கொண்டுவருவதை அவர்கள் சட்டம் தடுக்கிறது.

பிள்ளை மியூனிக்கிலோ ஸ்டுட்கார்ட்டிலோ வாழ்வதாகக் கொள்வோம். முதல் வீட்டை லெக் ஆற்றங்கரையிலுள்ள லான்ட்ஸ்பெர்க் நகரின் அருகில் அமைத்துக்கொள்ளலாம். மியூனிக்கிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். அங்கிருந்து வடக்கே 40 கிலோமீட்டரில் ஆக்ஸ்பர்க். நம்மவர் பலர் இந்நகரைத் தம் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. ஆயினும் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று ஒரு நாள் முழுவதையும் செலவிடத் தக்க நகர் அது.

அங்கே பெர்லாக் புனித பேதுரு ஆலயத்தில், முடிச்சுகளை அவிழ்க்கும் அன்னையின் ஓவியம் உள்ளது. ஏறத்தாழ 1700-இல் தீட்டப்பட்டது. நீண்டதொரு நாடாவின் சிக்கல்களை அன்னை பொறுமையுடன் ஒவ்வொன்றாய் அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். முறிந்துபோக இருந்த ஓர் இல்லறம் 1615-இல் ஒரு சேசு சபைக் குருவின் செபத்தால் மீண்டதாகவும், அக்குடும்பத்தின் வழிவந்தவர் இவ்வோவியத்தைக் காணிக்கையாக்கியதாகவும் கூறுவர். இவ்வன்னையின் மீதான பக்தியை ஆர்ஜென்டீனாவில் பரப்பியவர் பின்னாளில் திருத்தந்தை பிரான்சிஸ் ஆனவர்.

அதே நகரில் ஃபுக்கராய் என்னும் குடியிருப்பு இருக்கிறது. யாக்கோபு ஃபுக்கர் என்ற பெருவணிகர் வறிய கத்தோலிக்கருக்காக எழுப்பியது. கட்டடப் பணி 1516-இல் தொடங்கியது. நம் லஸ் கோயிலின் கல்வெட்டிலுள்ள ஆண்டும் அதுவே. 1521-இல் அறக்கட்டளைப் பத்திரம் எழுதப்பட்டது. இன்றும் அங்கே ஏழைகள் குடியிருக்கின்றனர். ஆண்டு முழுமைக்கும் அடிப்படை வாடகை ஒரு பழைய கில்டர். இன்றைய நாணயத்தில் 88 சென்ட், ஒரு யூரோவிற்கும் குறைவு! அத்துடன், நிறுவியவருக்காக நாள்தோறும் ஒரு பரலோக மந்திரம், ஓர் அருள் நிறை மந்திரம், ஒரு விசுவாசப் பிரமாணம் சொல்லவேண்டும் என்பது ஒப்பந்தம். இசைமேதை மொசார்ட்டின் கொள்ளுப் பாட்டனார், கொத்தனாராக இருந்தவர், இங்கே குடியிருந்தார். சமதரையான தெருக்கள்; முதியோர் மெல்ல நடந்து காணலாம்.

மற்றொரு நாள் தெற்கே, மலையடிவாரம். சாட்டையடியுண்ட ஆண்டவரின் திருச்சுரூபம் 1738-இல் கண்ணீர் சிந்தியதாக மக்கள் கண்டு திரண்டதால் எழுந்த வீஸ் ஆலயம், புல்வெளியின் நடுவே தனித்து நிற்கிறது. 1745-இல் தொடங்கி 1754-இல் முடிக்கப்பட்ட இவ்வாலயத்தை 1983-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. வெளியே எளிய வெள்ளைச் சுவர்; உள்ளே நுழைந்தால் வானமே திறந்தது போன்ற ஒளி. அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் ஓபராமெர்கௌ. 1633-இல் கொள்ளைநோயின்போது, தங்களைக் காத்தால் ஆண்டவரின் பாடுகளை நாடகமாக நடிப்போம் என்று அவ்வூரார் நேர்ந்துகொண்டனர். 1634-இல் முதன்முறை நடித்தனர். பத்தாண்டுக்கு ஒருமுறை நடைபெறும் அந்நாடகம் 2020-இல் மற்றொரு கொள்ளைநோயினால் தள்ளிவைக்கப்பட்டு 2022-இல் நடந்தது. அடுத்தது 2030-இல். அவ்வூரில் பிறந்தவரோ இருபது ஆண்டுகள் வாழ்ந்தவரோதான் நடிக்கலாம். நம் சிற்றூர்ப் பாஸ்கா நாடகங்களைக் கண்டவர்களுக்கு இவ்விதியின் பொருளை விளக்கவேண்டியதில்லை. நாடகம் இல்லாத ஆண்டுகளிலும் வீட்டுச் சுவர்தோறும் தீட்டியுள்ள விவிலியக் காட்சிகளைக் காண ஒரு பிற்பகல் போதாது.

அருகிலேயே நொய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனை இருக்கிறதே என்பீர்கள். நாள்காட்டிகளில் கண்ட அரண்மனைதான். மலையேற்றம், உள்ளே ஏராளமான படிகள், முன்பதிவு செய்த நிமிடத்தில் வாயிலில் நிற்கவேண்டிய கட்டாயம். முழங்கால் வலியுள்ளவர் கீழிருந்து பார்த்தால் போதும் என்பது என் கருத்து. அந்த நாளை அம்மர் ஏரியில் படகில் கழிக்கலாம். ஒரு நாளை ஒன்றும் எழுதாமலே விடுங்கள்; மழைக்கோ, துணி துவைப்பதற்கோ, பேரப்பிள்ளையின் காய்ச்சலுக்கோ அது வேண்டியிருக்கும்.

இரண்டாம் வீடு ஆல்ட்யோட்டிங் நகரில். முதல் வீட்டிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். இப்பயணத்திலேயே மிக நீண்ட ஓட்டம் இதுதான். சனி மாலைத் திருப்பலி கண்டு, ஞாயிறு காலையில் புறப்படுவது நலம். பெரும் சரக்கு லாரிகள் ஞாயிறன்று சாலையில் ஓட ஜெர்மனியில் தடையுண்டு. கடைகளும் அன்று மூடியிருக்கும். அரிசியும் காய்கறியும் சனிக்கிழமையே வாங்கிவிடவேண்டும்.

ஆல்ட்யோட்டிங் பவேரியாவின் வேளாங்கண்ணி என்றால் மிகையன்று. எண்கோண வடிவிலான சிற்றாலயத்தினுள் கரிய நிற அன்னையின் சுரூபம். நீரில் மூழ்கிய குழந்தை 1489-இல் உயிர்பெற்ற புதுமையிலிருந்து யாத்திரை தொடங்கியது. வெளித் தாழ்வாரத்தில் ஆயிரக்கணக்கான நேர்ச்சைப் படங்கள். மரச்சிலுவையைத் தோளில் சுமந்து ஆலயத்தைச் சுற்றிவருவோரையும் காணலாம். வேளாங்கண்ணியில் காணிக்கைப் பொருள்களைக் கண்டு கண்கலங்கும் நம் தாய்மார்களுக்கு இங்கே மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. இந்நகரின் கப்புச்சின் மடத்தில் 41 ஆண்டுகள் வாயிற்காவலராக இருந்தவர் புனித கொன்ராட் சகோதரர். மணியடித்தவர்க்கெல்லாம் கதவு திறந்து, பசித்தவர்க்கு ரொட்டி அளித்தது தவிர வேறு பெருஞ்செயல் எதுவும் அவர் வாழ்வில் இல்லை. 1894-இல் இறந்தார், 1934-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். சில மைல் தொலைவில் மார்க்ட்ல் என்னும் சிற்றூர். 1927 ஏப்ரல் 16 அன்று திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் பிறந்த வீடு அங்கேயுள்ளது.

ஆஸ்திரியாவில் கால்வைக்காமல் திரும்பினால் பிள்ளைக்கு மனக்குறை இருக்கும். அதற்கும் எளிய வழியுண்டு. ஆஸ்திரியாவின் விரைவுச் சாலைகளுக்குக் கட்டண வில்லை வாங்கவேண்டும். ஆனால் சாதாரணச் சாலைகளுக்கு வேண்டியதில்லை. ஆல்ட்யோட்டிங்கிலிருந்து நீண்ட கோட்டைக்குப் பேர்பெற்ற புர்க்ஹௌசன் வழியாக லௌஃபன் வரை ஜெர்மன் பக்கமே சென்று, சால்சாக் ஆற்றின் பாலத்தைக் கடந்தால் ஓபர்ன்டார்ஃப். நம் கோயில்களில் கிறிஸ்து பிறப்பு இரவில் பாடும் "சைலன்ட் நைட்" பாடல் 1818 டிசம்பர் 24 அன்று முதன்முதல் ஒலித்த ஊர் இதுவே. உதவிக்குரு யோசேப்பு மோர் எழுதிய வரிகளுக்குப் பள்ளி ஆசிரியர் குரூபர் இசையமைத்தார். பழைய ஆலயம் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் சிறு நினைவாலயம் நிற்கிறது. காரை அவ்வூரிலேயே நிறுத்திவிட்டு உள்ளூர் இரயிலில் ஏறினால் அரைமணி அளவில் சால்ஸ்பர்க். நகருக்குள் வண்டி நிறுத்த இடம் தேடி அலையும் தொல்லையும் இல்லை. கடவுச்சீட்டு மட்டும் கையில் இருக்கட்டும். எல்லையில் சோதனை உண்டு.

மொத்தத்தில் 700 முதல் 800 கிலோமீட்டர். சுவிட்சர்லாந்தை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். மியூனிக்கிலிருந்து ஐன்சீடெல்ன் மடத்திற்குச் சென்னை–வேளாங்கண்ணித் தொலைவு. சாலை வில்லையும் ஒரே நாளுக்கென்று கிடையாது, ஓராண்டிற்கு 40 ஃபிராங்கு. அது தனிப் பயணமாக அமையட்டும்.

வண்டி ஓட்டுவது பற்றி ஒரு சொல். பிள்ளை அங்கே குடியேறி ஆறு மாதம் கடந்துவிட்டால் இந்திய ஓட்டுநர் உரிமம் செல்லாது. ஜெர்மானிய உரிமம் பெற்றாயிற்றா என்பதைப் புறப்படுமுன் வெட்கமின்றிக் கேளுங்கள். விபத்து நேர்ந்தபின் கேட்பதில் பயனில்லை. தந்தையரும் சிறிது ஓட்டலாமே என்று, நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியுடன் செல்வோர் உண்டு. பாண்டி பஜாரில் வண்டி ஓட்டிய துணிச்சல் அங்கே உதவாது! அங்கே வலப்புறம் செல்லவேண்டும். ஆபத்தின்றி ஒலிப்பான் அடிப்பது குற்றம். நெடுஞ்சாலையில் நெரிசல் ஏற்பட்டவுடன் இடக்கோடியில் உள்ளவை இடப்புறமும் ஏனையவை வலப்புறமும் ஒதுங்கி, நடுவே ஆம்புலன்சுக்கு வழிவிடவேண்டும். இவற்றைப் பழகாத கை 65 வயதில் பழகவேண்டியதில்லை.

விசாவிற்குக் கட்டாயமான மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவிற்கு இருக்கவேண்டும். வழக்கமாக உண்ணும் மருந்துகளைப் பயண நாள்களுக்கும் மேலாகச் சில நாள்களுக்குச் சேர்த்து, மருத்துவரின் சீட்டுடன் கைப்பையில் வையுங்கள்.

பிள்ளை கொலோனிலோ டுசல்டார்ஃபிலோ வாழ்ந்தால் மேற்கூறியது பயன்படாது. பவேரியாவுக்கு ஓடவும் வேண்டாம். கொலோன் பேராலயத்தில் மூன்று அரசர்களின் திருப்பண்டங்கள் 1164 முதல் உள்ளன. ஹாலந்து எல்லையருகே கெவெலார் என்னும் யாத்திரைத் தலம், டுசல்டார்ஃபிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். துன்புறுவோர்க்கு ஆறுதலான அன்னையின் உள்ளங்கையளவுத் தாள் படம் ஒன்று அங்கே 1642 முதல் வணங்கப்படுகிறது. இலங்கைப் போரினால் சிதறி ஐரோப்பாவில் குடியேறிய தமிழர்கள் 1980-களின் இறுதியிலிருந்து ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் இங்கே பெருந்திரளாகக் கூடுகின்றனர். கத்தோலிக்கர் மட்டுமன்றி இந்துக்களும் வருகின்றனர். திருப்பலியும் செபமாலையும் தமிழில் ஒலிக்கின்றன. ஆகஸ்டில் செல்லும் பெற்றோர் அவ்வாண்டின் நாளை முன்கூட்டியே கேட்டறிந்து, மற்ற ஏற்பாடுகளை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம். அன்று சிற்றூர் நிரம்பி வழியும். காரைத் தொலைவிலேயே நிறுத்தி நடக்க நேரிடும். முதியோருக்கு மடக்கு நாற்காலி ஒன்றும் குடையும் எடுத்துச் செல்லுங்கள்.