ஒரு விநாடியும் ஒரு வாழ்க்கையும்

காவலர் தேர்வு நெருங்கிவிட்டால் புதுவைக் கடற்கரைச் சாலையில் விடியுமுன்னே இளைஞர்கள் ஓடிப் பழகுவதைக் காணலாம். என் மாணவர்கள் சிலரும் அவர்களுள் உண்டு. பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற சிவப்புத் தொப்பியின்மீது இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு மோகம் குறையவில்லை. ஓட்டம், தாண்டுதல், பிறகு எழுத்துத் தேர்வு. உடலையும் நினைவாற்றலையும் அளந்துவிடுகிறோம். ஆளை அளக்கிறோமா?

வள்ளுவர் இதற்கெனவே ‘தெரிந்து தெளிதல்’ என்றோர் அதிகாரம் வைத்தார். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் ஆகிய நான்கின்முன் ஒருவன் எவ்வாறு நிற்கிறான் என்று ஆராய்ந்தே அவனை நம்பச் சொல்கிறார். 1991இல் பாரிக், மவுண்ட் என்னும் உளவியலாளர்கள் காவல்பணி உட்படப் பல பணிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தனர். கடமையுணர்வு எல்லாப் பணிகளிலும் திறனை முன்னுணர்த்தியது. பயிற்சியில் தேறுவதற்குக் கலந்து பழகும் இயல்பும் புதியதை ஏற்கும் மனமும் துணைநின்றன. ஆனால் அத்தொடர்பு மிதமானதே. குணத்தை மட்டும் கொண்டு ஆளைக் கணித்துவிட இயலாது. வாழ்வும் சேர வேண்டும்.

பிரித்திகா யாஷினியை நினைத்துக்கொள்கிறேன். சேலத்து வீட்டைவிட்டு வெளியேறி, சென்னையில் விடுதிக் காப்பாளராக உழைத்த திருநங்கை. தமிழ்நாட்டில் உதவி ஆய்வாளர் பணிக்கு அவர் அனுப்பிய விண்ணப்பம் முதலில் நிராகரிக்கப்பட்டது. நீதிமன்ற ஆணையால் தேர்வெழுதினார். 100 மீட்டர் ஓட்டத்தில் ஏறத்தாழ ஒரு விநாடி பிந்தினார். 2015 நவம்பரில் அவர் பணிக்குத் தகுதியானவரே என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017இல் பயிற்சி முடித்துப் பணியேற்றார். அந்த ஒரு விநாடி, அவர் கடந்துவந்த ஆண்டுகளைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

அப்படியானால் வாழ்வனுபவத்துக்கு மதிப்பெண் இடலாமா? எனக்குத் தயக்கமுண்டு. ‘நல்ல குடும்பத்துப் பிள்ளை’ என்ற சொல்லுக்குள் சாதி ஒளிந்திருக்கும் நாடு இது. முறைகேட்டுக்கு அஞ்சியே மத்திய அரசு 2016 முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வை நீக்கியது. அதில் நியாயமுண்டு.

எனவே ஆளை அறியவேண்டிய இடம் பயிற்சிக்களமே என்பேன். அழுதபடி புகார் சொல்லும் பெண்முன், கையூட்டு நீட்டும் செல்வந்தன்முன், தன்னை ஏசும் குடிகாரன்முன் பயிற்சிக் காவலர் என்ன செய்கிறார்? அணிவகுப்புக்கு இடும் மதிப்பெண்ணை இதற்கும் இடுங்கள். வள்ளுவர் கேட்டதும் அதுதானே?