எட்டுச் சக்கரக் குடும்பம்

குழந்தை பிறப்பதற்கு முன்பு ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போவதை நான் ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. பத்து மணிக்கு எழுந்து, பத்தரைக்கு வீட்டை விட்டு இறங்கினால், தோ பாயோவில் பேருந்து ஏறி பதினொரு மணிக்கெல்லாம் தோசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

இப்போது மகளுக்கு 8 மாதம். அதே தேக்கா, அதே பேருந்துதான். ஆனால் வீட்டை விட்டுக் கிளம்புவது நேரலை நிகழ்ச்சிக்குத் தயாராவதைவிடக் கடினமாக இருக்கிறது. நிலையத்திலாவது ஏதாவது தவறினால் ஒரு பாட்டைப் போட்டுச் சமாளிக்கலாம். இங்கே டயப்பர், ஈரத் துடைப்பான், பால் புட்டி, வெந்நீர்ப் போத்தல், மாற்று உடை, அந்த மாற்று உடைக்கும் ஒரு மாற்று உடை என்று எல்லாவற்றையும் அடுக்கி, கதவைப் பூட்டி, மின்தூக்கிப் பொத்தானை அழுத்தும்போதுதான் மகள் முகத்தைச் சுருக்குவாள். ஏன் என்று பெற்றோருக்குத் தெரியும். மறுபடியும் முதலிலிருந்து.

இதில் அப்பாவும் சேர்ந்துகொண்டால் கணக்கே வேறு.

அப்பாவுக்கு 2 ஆண்டுகளுக்கு முன்பு பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. வீட்டுக்குள் கைத்தடி பிடித்து நடப்பார். வெளியே என்றால் சக்கர நாற்காலி. அவரும் அம்மாவும் எங்களுக்கு எதிர் புளோக்கில்தான் இருக்கிறார்கள். என்னுடைய 16 வார மகப்பேறு விடுப்பு முடிந்த நாளிலிருந்து, காலை நிகழ்ச்சி இருக்கும் நாள்களில் விடியுமுன்பே மகளை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு நிலையத்துக்கு ஓடுகிறேன். குளிப்பாட்டுவது, பால் கொடுப்பது எல்லாம் அம்மா. அப்பாவுக்கு ஒரே ஒரு பொறுப்பு. ஆறு மணி ஆனதும் இடது கையால் வானொலியைத் திறந்து மகளுக்குப் பக்கத்தில் வைப்பார். முதல் சில நாள் என் குரல் கேட்டதும் அழுதாளாம். இப்போது பெட்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்க்கிறாளாம். அம்மா எங்கே ஒளிந்திருக்கிறாள் என்று தேடுகிறாள் போலும்.

சரி, பேருந்துக் கதைக்கு வருகிறேன்.

சில வாரங்களுக்கு முன்பு ஒரு ஞாயிறு. அம்மா கோயிலுக்குப் போய்விட்டார். நானும் என் கணவரும் அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு தேக்காவுக்குப் புறப்பட்டோம். அப்பாவின் நாற்காலிக்கு நான்கு சக்கரம், மகளின் தள்ளுவண்டிக்கு நான்கு. பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து, கதவருகே தரையில் மடிந்து கிடக்கும் பலகையை வெளியே விரித்தார். பிறகு நாற்காலியைப் பார்த்தார், தள்ளுவண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

அந்தப் பேருந்தில் சக்கரங்களுக்கு இருந்தது ஒரே ஓர் இடம்.

2017 ஏப்ரலிலிருந்து நம் பொதுப் பேருந்துகளில் தள்ளுவண்டியை மடிக்காமலே ஏற்றலாம். ஆனால் அதற்கும் சக்கர நாற்காலிக்கும் ஒதுக்கிய இடம் ஒன்றேதான். நாற்காலிக்குத்தான் முன்னுரிமை. தள்ளுவண்டியை மடிக்க வேண்டும். நியாயமான விதி, எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் மகள் அப்போதுதான் தூங்கியிருந்தாள். தள்ளுவண்டியின் பிடியில் மேலே சொன்ன அத்தனை மூட்டையும் தொங்கியது. பேருந்தில் நிற்கவே இடமில்லை.

"நீங்க மாமாவோட போங்க. நான் அடுத்ததுல வர்றேன்" என்று கணவரிடம் சொன்னேன்.

சக்கர நாற்காலியில் வருபவர் பேருந்தில் பின்பக்கம் பார்த்தபடிதான் உட்கார வேண்டும். பாதுகாப்புக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். 30 ஆண்டுகளுக்கு மேல் இதே ஊரில் பேருந்து ஓட்டியவர் என் அப்பா. அத்தனை ஆண்டும் முன்னால் பார்த்து உட்கார்ந்தவர். அன்று பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்தார். பேருந்து நகர நகர, நிறுத்தத்தில் நானும் தள்ளுவண்டியும் சின்னதாகிக்கொண்டே போனதை அவர் முழுதாகப் பார்த்திருப்பார்.

அடுத்த பேருந்து வர 14 நிமிடம் ஆனது. உள்ளே ஏற்கெனவே ஒரு தள்ளுவண்டி. அந்தத் தாயும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அதற்கும் அடுத்ததில்தான் ஏறினேன்.

தேக்கா உணவங்காடி நிலையத்தில் ஞாயிறு கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நாற்காலியை நுழைக்க வசதியாக ஒரு பக்கம் இருக்கை இல்லாத மேசை ஒன்றைக் கணவர் எப்படியோ பிடித்து வைத்திருந்தார். அப்பா முன்னால் தோசை ஆறிப்போய் இருந்தது. தொடவே இல்லை.

"சாப்பிட்டிருக்கலாமேப்பா."

"நான் வராம இருந்திருந்தா நீங்க மூணு பேரும் ஒண்ணா வந்திருப்பீங்க."

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஒலிவாங்கி முன்னால் எந்த மௌனத்தையும் நிரப்பிவிடுவேன். அன்று வந்தது என்னவோ வெறும் "அப்படியெல்லாம் இல்லப்பா"தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். "அப்பல்லாம் பிராமை மடிச்சாத்தான் ஏத்துவோம். ஒரு நாள் நல்ல மழை. ஒரு பொண்ணு, இடுப்புல குழந்தை, கையில பிராம். அதை மடிக்கத் தெரியாம நின்னுச்சு. எனக்கு ஆறு நிமிஷம் லேட்டு. கதவைச் சாத்திட்டுப் போயிட்டேன்." தோசையை இடது கையால் பிய்த்தார். "கண்ணாடியில பார்த்தேன். நனைஞ்சுக்கிட்டே நின்னுச்சு. எந்த ஸ்டாப்புன்னுகூட இன்னும் ஞாபகம் இருக்கு."

எந்த நிறுத்தம் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு கூப்பிட்டேன். கால் வலி என்றார். அதற்கடுத்த ஞாயிறும் கால் வலி. மூன்றாவது ஞாயிறு அம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார்: "இந்த ஆளுக்கு வலி எல்லாம் ஞாயித்துக்கிழமைதான் வருது."

குழந்தை வளர்ப்பு பற்றி எத்தனையோ பேரை நிகழ்ச்சிக்கு அழைத்துப் பேசியிருக்கிறேன். பிள்ளை சாப்பிட மறுத்தால் என்ன செய்வது, தூங்க மறுத்தால் என்ன செய்வது என்று கேள்வி கேட்டு, நானே தலையாட்டியிருக்கிறேன். அப்பா வெளியே வர மறுத்தால் என்ன செய்வது என்று யாரிடமும் கேட்டதில்லை. சாப்பிட மறுக்கும் பிள்ளைக்குச் சொல்லும் உபாயத்தையே முயன்று பார்த்தேன். கட்டாயப்படுத்தாதே, ஆர்வத்தைத் தூண்டு.

பூமலையில் ஜேக்கப் பாலாஸ் சிறுவர் பூங்கா இருக்கிறது. 2007ல் திறந்தது. 2017ல் இன்னும் பெரிதாக்கி 4 ஹெக்டர் ஆக்கினார்கள். 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது, கட்டணம் கிடையாது. அங்கே ஒரு விதி உண்டு. பிள்ளைகள் பெரியவர்களோடு வர வேண்டும் என்பது எல்லா இடத்திலும் உள்ளதுதான். இங்கே பெரியவர்களும் பிள்ளை இல்லாமல் உள்ளே போக முடியாது.

இதை அப்பாவிடம் சொன்னேன். கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப நான் தனியாப் போனா விட மாட்டானா?"

"விட மாட்டாங்க. பாப்பா கூட வந்தாத்தான்."

"அப்ப இவதான் எனக்கு டிக்கெட்டா?" என்று மகளைப் பார்த்தார். அவள் அவருடைய கைத்தடியின் ரப்பர் முனையை வாயில் வைக்க முயன்றுகொண்டிருந்தாள்.

ஞாயிறு கூட்டம் வேண்டாம் என்று நானே புத்திசாலித்தனமாக ஒரு முடிவெடுத்தேன். பெற்றோருக்கு ஆண்டுக்கு 6 நாள் கிடைக்கும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பில் ஒன்றை எடுத்து, வாரநாளில் போவது. கணவருக்கு அன்று வேலை. நான் நாற்காலியைத் தள்ள, அம்மா தள்ளுவண்டியைத் தள்ள, உச்ச நேரம் முடிந்ததும் எம்ஆர்டியில் கிளம்பினோம். ரயிலில் ஒரே இடத்துக்குப் போட்டி இல்லை. எட்டுச் சக்கரமும் ஒன்றாகப் போகலாம்.

அப்பாவுக்கு எம்ஆர்டிமீது பழைய கோபம் ஒன்று உண்டு. 1987 நவம்பரில் முதல் ரயில் ஓடியது இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரைக்கும்தான். "எங்க பயணிகளைத் தட்டிக்கிட்டுப் போன வண்டி" என்று இன்றும் சொல்வார். அப்போது இந்த நிலையங்களில் மின்தூக்கியே கிடையாது, எல்லாம் பின்னால் வந்தவை என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்வார்.

பீஷானில் இறங்கி வட்டப் பாதைக்கு மாற வேண்டும். தனியாளாக நான் அதைப் பேசிக்கொண்டே கடந்துவிடுவேன். சக்கரங்களோடு போனால் மின்தூக்கிக்காகக் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் இரண்டு தள்ளுவண்டி, ஒரு பெரிய பயணப்பெட்டி, கைப்பேசியிலிருந்து தலை நிமிராத நல்ல திடகாத்திரமான இரண்டு இளைஞர்கள். போன ஆண்டுவரை நானும் அந்த இளைஞர்களில் ஒருத்திதான். அதனால் முறைக்கவில்லை. கொஞ்சமாகத்தான் முறைத்தேன்.

அம்மாவுக்கு அந்த வரிசையில் பழைய நினைப்பு வந்துவிட்டது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் புளோக்கில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. 5ஆம் மாடியில் இறங்கி 7ஆம் மாடிக்குப் படியேற வேண்டும். "இவளை ஒரு தோள்ல போட்டுக்கிட்டு, பிராமை இன்னொரு கையில தூக்கிக்கிட்டு இந்த ஆள் ஏறுவாரு. நான் மீன் பையோட பின்னால மூச்சு வாங்கிக்கிட்டு வருவேன்." அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இடது கையால் வலது கையை எடுத்து மடியில் சரியாக வைத்துக்கொண்டார்.

பூமலை நிலையத்தில் இறங்கினோம். மலை எங்கே என்று யாரும் கேட்டுவிடாதீர்கள், நம் ஆட்கள் வைத்த பெயர் அப்படி. மர நிழலில் மெதுவாகத் தள்ளிக்கொண்டு, வழியில் ஒரு முறை டயப்பர் மாற்றி, ஒரு முறை நிறுத்திப் பால் கொடுத்து, சிறுவர் பூங்காவின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வீட்டை விட்டுக் கிளம்பி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

வாசல் பூட்டியிருந்தது.

அன்று திங்கட்கிழமை. அந்தப் பூங்காவுக்குத் திங்கட்கிழமைகளில் விடுமுறை.

அம்மா என்னைப் பார்த்தார். நான் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். அப்பாவின் தோள் குலுங்குவது தெரிந்தது. ஒரு நிமிடம் பயந்துவிட்டேன். குனிந்து பார்த்தால், சிரிக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு பக்கமாகக் கோணும் அந்தச் சிரிப்பை அவர் வெளியாட்கள் முன்னால் காட்டுவதே இல்லை.

"தினம் காலையில ரேடியோவுல ஊருக்கெல்லாம் இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்றவ இவ" என்று மகளிடம் புகார் சொன்னார்.

திரும்பிப் போக யாருக்கும் மனமில்லை. பூமலையின் மற்ற பகுதி காலை ஐந்து மணியிலிருந்து நள்ளிரவுவரை திறந்துதான் இருக்கும். அதற்குள் போகப் பிள்ளையும் தேவையில்லை, கிழமையும் தேவையில்லை. ஏரிப்பக்கமாகப் போய் ஒரு பெஞ்சருகே எட்டுச் சக்கரத்தையும் பிரேக் போட்டு நிறுத்தினோம். காட்டுக்கோழி ஒன்று குஞ்சுகளோடு புல்லைக் கிளறிக்கொண்டிருந்தது. மகள் அதைப் பார்த்து, வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒரு புதிய சத்தத்தைச் சொன்னாள். அம்மா டப்பாவைத் திறந்து இட்லி எடுத்தார். அப்பா வாழைப்பழத்தை இடது கையால் நசுக்கி, விரல் நுனியில் எடுத்துப் பேத்திக்கு ஊட்டினார். பாதி சட்டையில் விழுந்தது. மாற்று உடை இருந்தது. மாற்று உடைக்கும் மாற்று உடை இருந்தது.

நிலையத்துக்குத் திரும்பும் வழியில் அப்பா கேட்டார், "இன்னும் எத்தனை நாள் லீவு இருக்கு உனக்கு?"

"அஞ்சுப்பா."

"வச்சுக்க. ஞாயித்துக்கிழமைக்கு லீவு தேவையில்ல. தேக்காவுக்கே போவோம். பஸ்லயே போவோம்."

நான் நாற்காலியைத் தள்ளுவதை நிறுத்தினேன். "வண்டி?"

"மாப்பிள்ளை மடிச்சுத் தூக்கிக்கட்டும். பாப்பா என் மடியில உட்காரட்டும்."

"ஒத்தக் கையாலயா பிடிப்பீங்க?" என்றார் அம்மா.

"நீ கோயிலுக்குப் போகாம கூட வா. பக்கத்துல நின்னு இன்னொரு பக்கம் நீ பிடிச்சுக்க."