சந்தைக்கு வழி காட்டுங்கள்!

சமுதாய இளைஞனே! வணிகப் பெருமக்களே!

மேட்டுப்பாளையத்திலிருந்து கோவை 35 கிலோ மீட்டர்தான். ஆனால் கையில் சிறு முதலோடு அங்கே பிரியாணிக் கடை போடப் புறப்படும் நம் இளைஞனுக்கு அது நெடுந்தூரம். கடைக்கு அட்வான்ஸ் வேண்டும். அண்டா, அடுப்பு, அரிசி, கறி எல்லாவற்றுக்கும் ரொக்கம் வேண்டும். அறிமுகம் இல்லாத ஊரில் அவனுக்குக் கடன் கொடுக்க முன்வருபவன் பெரும்பாலும் தண்டல்காரன்தான். முதல் அண்டா இறங்கும் முன்பே வட்டி ஏறத் தொடங்கிவிடுகிறது. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழக அரசு 2003-இல் சட்டமே கொண்டு வந்தது. சட்டம் இருந்தும் வேறு வழியற்றவன் அந்த வாசலில்தான் போய் நிற்கிறான்.

சமுதாயத்தில் பணம் இல்லையா? திருமணப் பந்தலில் ஒரே பகலில் கரையும் பணத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்! இல்லாதது பணம் அல்ல, ஏற்பாடு.

மதீனாவை நினைத்துப் பாருங்கள். மக்காவில் அனைத்தையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தார் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி). நபிகள் நாயகம் (ஸல்) அவரை மதீனத்துச் செல்வர் சஃது பின் ரபீஉ (ரலி) அவர்களுக்குச் சகோதரராக்கினார்கள். தம் செல்வத்தில் பாதியைத் தர சஃது முன்வந்தார். வந்தவர் அதை வாங்கவில்லை. துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று இலாபம் கண்டார். பின்னாளில் நபித்தோழர்களில் பெருஞ்செல்வர்களில் ஒருவரானார். புது ஊர், புதியவர், உணவு வியாபாரம்! இன்று கோவைக்குப் புறப்படும் இளைஞனின் கதையும் இதுதான்.

இங்கே இரண்டு பாடங்கள் உள்ளன. இளைஞனுக்கு, கையேந்தாத தன்மானம். செல்வந்தருக்கு, பாதியைத் தரவும் துணிந்த மனம். இன்று இளைஞர்கள் சந்தைக்கு வழி கேட்கிறார்கள், சஃதுகளைத்தான் காணோம்!

நம் முன்னோர் இப்படித்தான் வளர்ந்தார்கள். கடல் கடந்து பினாங்கு சென்ற தமிழ் முஸ்லிம்கள், தோளில் காவடித் தண்டு சுமந்து சோறும் குழம்பும் விற்றார்கள். அதுவே இன்று மலேசியாவின் அடையாள உணவான ‘நாசி கண்டார்’. 1907-இல் அங்கே தொடங்கப்பட்ட ஹமீதியா உணவகம் நூறாண்டைக் கடந்து நிற்கிறது. சென்னை மவுண்ட் ரோட்டில் 1951-இல் ஏ.எம். புகாரி தொடங்கிய உணவகத்தின் பெயரை அறியாத ஊர் தமிழகத்தில் உண்டா?

இளைஞனே, உனக்கு ஒரு சொல். கோவையில் உன் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பிற சமயச் சகோதரர்களாகவே இருப்பார்கள். 1997 நவம்பர் இறுதியில் ஒரு காவலர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் மாண்டார்கள். நம்மவர் கடைகள் சூறையாடப்பட்டன. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகள் 50-க்கும் மேற்பட்ட அப்பாவி உயிர்களைப் பறித்தன. இரண்டுமே கொடுமை, இரண்டிலும் நகரத்தின் நம்பிக்கையும் சேர்ந்து செத்தது. முஸ்லிம் கடைப் பிரியாணியில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்று 2020-இல் கோவையைக் குறிவைத்துச் சமூக ஊடகத்தில் ஒரு வதந்தி கிளப்பப்பட்டது. அது பொய் என்று மாநகரக் காவல்துறையே மறுத்தது.

பொய்யை முறியடிக்கச் சட்டம் வேண்டும், போராட்டமும் வேண்டும். ஆனால் அன்றாடம் அதை முறியடிப்பது உன் கடைதான். சமையற்கட்டை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வை. காய்ந்த எண்ணெயை மறுநாளுக்கு வைக்காதே. உணவுப் பாதுகாப்புப் பதிவை முதல் நாளே எடு. 2011-இல் விதிகள் வந்தபோது சிறு கடைக்கு அதன் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். மதீனத்துச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்தார்கள் பெருமானார் (ஸல்). மேலே நல்ல கறி, அடியில் எலும்பு என்று பொட்டலம் கட்டுகிறவன் அந்தக் கண்டிப்புக்கு உரியவன் அல்லவா?

கூட்டுச் சேர்கிறாயா? எழுதிக்கொள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடனை எழுதி வைப்பது பற்றியதுதான் (2:282). மச்சான், மாமன் என்று வாய்ப்பேச்சில் தொடங்கிய கடைகள்தாம் வழக்கு மன்றத்தில் முடிகின்றன.

வணிகப் பெருமக்களே! உருளைக்கிழங்கு மண்டிகளுக்குப் பேர் பெற்ற ஊர் இது. உங்களிடம் நாம் கேட்பது தர்மம் அல்ல. நீங்கள் முதல் போடுங்கள், இளைஞன் உழைக்கட்டும். இலாபத்தைப் பேசிய விகிதத்தில் பங்கிடுங்கள். நட்டம் வந்தால் உங்களுக்கு முதல் போகும், அவனுக்கு உழைப்பு போகும். இதுதான் முளாரபா. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் முதலில் சிரியாவுக்கு வணிகம் சென்றவர் நம் நாயகம் அல்லவா?

முதல் போட முடியாதவர் கடை வாடகைக்கு ஜாமீன் நிற்கலாம். அரிசி வியாபாரி முதல் மூன்று மாதம் தவணையில் மூட்டை தரலாம். ஜமாஅத்துகள் வட்டியில்லாக் கடன் நிதி ஒன்றைத் தொடங்கி, கணக்கை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போடலாம். சுயதொழிலை அதிகம் நம்பி வாழும் நம் சமுதாயத்துக்கு வங்கிக் கடனில் உரிய பங்கு கிடைக்கவில்லை என்பதை 2006-லேயே சச்சார் குழு எடுத்துரைத்தது. அந்த உரிமையை அரசிடம் கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை நம் பிள்ளையைத் தண்டல்காரனிடம் ஒப்படைக்கலாமா?

வரும் ஜும்ஆவில் உங்கள் மஹல்லாவில் இதைப் பேசுங்கள். தொழில் தொடங்கக் காத்திருக்கும் ஓர் இளைஞனின் பெயரையாவது எழுதிக்கொண்டு எழுந்திருங்கள்.

ஹலாலான உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.