பிரவுசரின் பெயர் எதற்கு?

2023 பிப்ரவரியில் ஃபயர்பாக்ஸ் 110 வெளியானது. ஆனால் வலைத்தளங்களுக்கு அது அனுப்பிய யூசர் ஏஜென்ட் வரியில் 'ஆர்வி' என்ற பகுதி மட்டும் 109இலேயே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11 தன்னை 'ஆர்வி:11' என்றுதான் சொல்லிக்கொள்ளும். அதைப் பிடிக்க நம் துறையினர் எழுதிவைத்த நிரல்கள் சில, அந்த இரண்டு ஒன்றுகளைக் கண்டதுமே முடிவுக்கு வந்துவிடும். அடுத்து இன்னொரு இலக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. 110, 111, 112 எல்லாமே அவற்றுக்கு எக்ஸ்புளோரர்தான். அதன் ஆயுளை மைக்ரோசாஃப்ட் முந்தைய ஆண்டு ஜூனிலேயே முடித்துவைத்திருந்தது. ஆனாலும் 120ஆம் பதிப்பு வரும்வரை ஃபயர்பாக்ஸ் அந்தப் பகுதியில் 109 என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

இது புதிய கோளாறும் அல்ல. 2009இல் ஓபரா 10 வந்தபோது, பதிப்பு எண்ணின் முதல் இலக்கத்தை மட்டும் படித்த தளங்கள் அதை 'ஓபரா 1' என்று எண்ணி விரட்டின. வேறு வழியின்றி ஓபரா தன்னை 9.80 என்று அறிவித்துக்கொண்டு, உண்மையான எண்ணை வரியின் கடைசியில் தள்ளிவைத்தது. 2022இல் குரோமும் ஃபயர்பாக்ஸும் 100ஐ எட்டியபோதும் அதே அச்சம். எத்தனை தளங்கள் மூன்று இலக்கத்தில் தடுக்கி விழும் என்று இரண்டு குழுவினரும் முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. பதின்மூன்று ஆண்டுகளில் நம் பழக்கம் மாறவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பிரவுசர்கள் பொய் சொல்லக் கற்றது நம்மால்தான். நெட்ஸ்கேப்பின் 'மொசில்லா' என்ற பெயரைப் பார்த்துத் தளங்கள் நல்ல பக்கத்தை அனுப்பின. எக்ஸ்புளோரரும் மொசில்லா என்று சொல்லிக்கொண்டது. இன்று குரோம், சஃபாரி, எட்ஜ் எல்லாமே 'மொசில்லா/5.0' என்றுதான் தொடங்குகின்றன. விவால்டி 2019 டிசம்பரில் தன் பெயரையே அந்த வரியிலிருந்து எடுத்துவிட்டு, பெரும்பாலான தளங்களுக்குக் குரோம் போலவே காட்டிக்கொள்ளத் தொடங்கியது. பக்கங்களைத் திறம்படக் காட்டும் எஞ்சின் அதனிடம் இருந்தது. பெயர்தான் இடைஞ்சலாக இருந்தது.

பெயருக்குப் பதில் திறனைக் கேட்டால் இந்தத் தொல்லை இல்லை. பகிர்வுப் பொத்தானை எடுத்துக்கொள்வோம். 'நேவிகேட்டர்' பொருளில் 'ஷேர்' இருக்கிறதா என்று ஒரே வரியில் கேட்கலாம். இருந்தால் கருவியின் பகிர்வுப் பட்டியல் திறக்கட்டும். இல்லையென்றால் இணைப்பை நகலெடுக்கும் பொத்தான் போதும். சிஎஸ்எஸ்ஸில் இதற்கென்றே 'சப்போர்ட்ஸ்' விதி இருக்கிறது. எச்டிஎம்எல்லோ கேட்காமலே ஒத்துழைக்கும். தேதிக்கான இன்புட் வகையை அறியாத பழைய சஃபாரி அதைச் சாதாரண எழுத்துப் பெட்டியாகக் காட்டியது. எந்த வடிவில் தேதியை எழுத வேண்டும் என்று பக்கத்திலேயே குறிப்பிட்டு, சர்வரிலும் சரிபார்த்தவர்களின் படிவம் அங்கும் வேலை செய்தது. 2003இலிருந்து 'புரோகிரசிவ் என்ஹான்ஸ்மென்ட்' என்று நாம் சொல்லிவருவது இதைத்தான்: அடித்தளம் எல்லோருக்கும், மேற்பூச்சு முடிந்தவர்களுக்கு.

குறிப்பிட்ட பதிப்பில் மட்டும் உள்ள பிழையைச் சுற்றிப் போகப் பெயர் பார்த்தே ஆக வேண்டிய நேரமும் உண்டு. அப்போது அந்தப் பதிப்போடு நிறுத்திக்கொண்டு, பிழையின் எண்ணையும் நிரலை எப்போது நீக்கலாம் என்பதையும் அருகிலேயே எழுதிவையுங்கள்.

சோதனை பற்றியும் ஒன்று. 'குரோமில் பார்த்தேன், சரியாக வருகிறது' என்பது பிளிங்க் என்ற ஒரே எஞ்சினுக்கான சான்று. எட்ஜில் பார்த்தாலும் அதே பிளிங்க்தான். நம் ஊர் ஐபோனில் இருக்கும் குரோமோ உள்ளுக்குள் வெப்கிட். ஆகவே கணினியில் குரோம், ஃபயர்பாக்ஸ், கையில் ஒரு ஐபோன் என்று மூன்று எஞ்சின்களிலாவது பார்க்க வேண்டும்.

'குரோமில் மட்டும் திறக்கவும்' என்ற அறிவிப்பு இன்றும் விண்ணப்பப் படிவங்களில் கண்ணில் படுகிறது. கடைசித் தேதியன்று அதைப் பார்க்கும் மாணவிக்கு, அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லாத ஊழியருக்கு அது மூடிய கதவு. உங்கள் அடுத்த வெளியீட்டுக்கு முன் நிரல் முழுவதிலும் 'யூசர்ஏஜென்ட்' என்று தேடுங்கள். சிக்கும் ஒவ்வொரு வரியும் எந்தத் திறனுக்காக எழுதப்பட்டது என்று எழுதியவரிடமே கேளுங்கள். பதில் சொல்ல ஆள் இல்லாத வரிகளை முதலில் நீக்கிவிட்டு, மூன்று எஞ்சின்களிலும் ஓட்டிப் பாருங்கள்.